கிளிஸ்ட்ரான் பெஞ்ச்: ஆய்வகத்துக்கு வாங்கலாமா, எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பொறியியல் கல்லூரிகளில் இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) துறையின் மைக்ரோவேவ் ஆய்வகத்தைப் புதுப்பிக்கும் போதெல்லாம் ஒரே வாக்குவாதம்தான் நடக்கிறது. எலக்ட்ரான் கற்றையால் மைக்ரோவேவை உருவாக்கும் குழாயான ரிஃப்ளெக்ஸ் கிளிஸ்ட்ரானை வைத்த பெஞ்சையே (மேசைமேல் வரிசையாகக் கட்டிய ஆய்வுத் தொகுப்பு) மறுபடி வாங்குவதா, அதே வேலையைக் குறைக்கடத்தியால் செய்யும் கன் டயோடு பெஞ்ச் மட்டும் போதுமா, இல்லை இரண்டையும் விட்டுவிட்டு சிமுலேஷன் மென்பொருளுக்குப் பணத்தைப் போடுவதா? எங்கள் ஆய்வகத்தில் மூன்றும் இருக்கின்றன, மூன்றையும் மாணவர்களோடு உட்கார்ந்து வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்: கிளிஸ்ட்ரான் பெஞ்சை வாங்குங்கள். ஆனால் விற்பவர் நீட்டும் கொட்டேஷனில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். நல்ல பொருள் இது, அதை மோசமாகக் கட்டி, மோசமான மேனுவலோடு விற்கிறார்கள். எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் இதைவிடச் சிறந்த கற்பிக்கும் கருவி மைக்ரோவேவ் பாடத்தில் எனக்குத் தெரிந்து கிடையாது.

முதலில் பெட்டிக்குள் என்ன வருகிறது என்று பார்ப்போம். கிளிஸ்ட்ரான் பவர் சப்ளை, குழாயைச் செருகும் மவுண்ட், குளிர்விக்க ஒரு மின்விசிறி, அலையை ஒரு திசையில் மட்டும் விடும் ஐசோலேட்டர், சக்தியைக் குறைக்கும் வேரியபிள் அட்டெனுவேட்டர், ஃப்ரீக்வென்சி மீட்டர், நிலையலையின் ஏற்றத் தாழ்வை நகர்த்தி அளக்கும் ஸ்லாட்டட் லைன், டிடெக்டர் மவுண்ட், அந்த ஏற்றத் தாழ்வின் விகிதத்தைக் காட்டும் விஎஸ்டபிள்யூஆர் மீட்டர், இவற்றைத் தாங்கும் ஸ்டாண்டுகள், பிஎன்சி கேபிள்கள். சிஆர்ஓ (அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) பெரும்பாலும் நம்முடையது. எல்லாம் எக்ஸ் பேண்ட், அதாவது உள்ளளவு 22.86 மில்லிமீட்டருக்கு 10.16 மில்லிமீட்டர் உள்ள வேவ்கைடு, மைக்ரோவேவைக் கொண்டுபோகும் செவ்வக உலோகக் குழல். குழாய் கிட்டத்தட்ட எல்லா பெஞ்சிலும் 2கே25 தான்.

இந்த 2கே25 பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாம் காசு கொடுப்பது முக்கியமாக அதற்குத்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 3 சென்டிமீட்டர் அலைநீள ராடார்களில் லோக்கல் ஆசிலேட்டராக, அதாவது வரும் சிக்னலோடு கலக்கும் உள் அலைமூலமாக, இருந்த குடும்பத்தைச் சேர்ந்தது. ரஸ்ஸல் வேரியன், சிகர்ட் வேரியன் சகோதரர்கள் ஸ்டான்ஃபோர்டில் 1937இல் முதல் கிளிஸ்ட்ரானைச் செய்தார்கள், அங்கேயே வில்லியம் ஹான்சன் உருவாக்கிய குழிவு ரெசனேட்டர்தான் (உள்ளே மைக்ரோவேவ் அலைவுறும் வெற்று உலோக அறை) அதற்கு அடிப்படை. அந்த முதல் வடிவத்தில் இரண்டு குழிவுகள், எலக்ட்ரான் கற்றை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். ரிஃப்ளெக்ஸ் வகையில் குழிவு ஒன்றுதான், போன கற்றையை ரிப்பெல்லர் என்ற தகட்டுக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்துத் திருப்பி அதே குழிவுக்கு வரவைக்கிறார்கள். 2கே25 கையடக்கமான உலோகக் குழாய், அடியில் ஆக்டல் பேஸ், தலையில் ஒரு தொப்பி முனை. ஹீட்டருக்கு 6.3 வோல்ட், ரெசனேட்டருக்கு 300 வோல்ட். பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கிறது, அதைத் திருகினால் குழிவின் வடிவம் லேசாக நசுங்கி அதிர்வெண் மாறும், 8.5 முதல் 9.66 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். உள்ளே உருவாகும் மைக்ரோவேவ் ஒரு மெல்லிய கோஆக்சியல் முனை வழியாக பேஸைத் தாண்டிக் கீழே வந்து வேவ்கைடுக்குள் ஆன்டெனாபோல நிற்கும். இவ்வளவையும் எண்பது வருடத்துக்கு முன்பே கையில் பிடிக்கிற அளவுக்குள் அடக்கியிருக்கிறார்கள், இன்றைக்கும் அதைக் கையில் எடுக்கும்போது எனக்கு மரியாதைதான் வருகிறது.

சரி, ஏன் வாங்கச் சொல்கிறேன்? ரிப்பெல்லர் மின்னழுத்தத்தை மாற்றும் நாப் ஒன்றுக்காகவே வாங்கலாம். அந்த நாபை மெல்லத் திருப்பும்போது டிடெக்டர் மீட்டரில் சக்தி ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும், முழுக்கச் செத்துவிடும், இன்னும் திருப்பினால் மறுபடி உயிர்பெறும். ஒரே குழாய், ஒரே ரெசனேட்டர் மின்னழுத்தம், கற்றை மின்னோட்டமும் அதே. மாறுவது எலக்ட்ரான் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம் மட்டும். இதைப் பார்த்துவிட்டு "ஏன் சார் நடுவில் செத்துப்போகுது?" என்று கேட்காத மாணவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வி வந்துவிட்டால் வகுப்பு அதுவாக நடக்கும்.

நான் விளக்குவது இப்படித்தான். கல்லை மேலே வீசுகிறோம். வேகமாக வீசின கல் உயரமாகப் போய் தாமதமாகத் திரும்பும், மெதுவாக வீசினது சீக்கிரம் விழும். முதலில் ஒன்றை வேகமாகவும், அடுத்ததை நடுத்தரமாகவும், அதற்கடுத்ததை மெதுவாகவும் சரியான இடைவெளியில் வீசினால் மூன்றும் ஒரே நேரத்தில் கைக்கு வந்து சேரும். குழிவின் இடைவெளியைக் கடக்கும் எலக்ட்ரான்களுக்கு நடப்பதும் இதுவே. மின்புலம் வேகப்படுத்தும் நேரத்தில் கடந்தவை ரிப்பெல்லர் பக்கம் ஆழமாகப் போய்த் தாமதிக்கின்றன, புலம் எதிர்க்கும் நேரத்தில் கடந்தவை சீக்கிரம் திரும்புகின்றன, எல்லாம் ஒரு கொத்தாகச் சேர்ந்து வருகின்றன. அந்தக் கொத்து திரும்பி வரும் கணத்தில் குழிவின் புலம் அதைத் தடுக்கும் திசையில் உச்சத்தில் இருந்தால் கொத்து தன் ஆற்றலைக் குழிவுக்குக் கொடுத்துவிடும், அலைவு நிற்காமல் தொடரும். அதற்குப் போய்வரும் நேரம் ஒரு முழு எண்ணும் முக்காலும் சேர்ந்த சுற்றுகளாக இருக்க வேண்டும்: 1¾, 2¾, 3¾ என்று. நாபைத் திருப்பும்போது நாம் தாண்டிப் போவது இந்த முக்கால்களைத்தான், ஒவ்வொன்றையும் ஒரு மோட் என்பார்கள். நடுவில் செத்துப்போகும் இடத்தில் கொத்து தவறான நேரத்துக்கு வந்து குழிவிலிருந்து ஆற்றலை வாங்கிக்கொள்கிறது.

இதோடு நிறுத்திவிடாமல் ஒரு கணக்குப் போட வையுங்கள், இந்த பெஞ்சின் முழு மதிப்பும் அங்கேதான் தெரியும். ரெசனேட்டர் 300 வோல்ட், ஃப்ரீக்வென்சி மீட்டர் 9.4 கிகாஹெர்ட்ஸ் காட்டுகிறது, அடுத்தடுத்த இரண்டு உச்சிகள் ரிப்பெல்லர் 150 வோல்ட்டிலும் 92 வோல்ட்டிலும் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். போய்வரும் நேரம் ரெசனேட்டர், ரிப்பெல்லர் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகைக்குத் தலைகீழ் விகிதம். 450ஐ 392ஆல் வகுத்தால் 1.148. எந்த இரண்டு முக்கால்களின் விகிதம் இது? 7¾ஐ 6¾ஆல் வகுத்தால் சரியாக 1.148 வருகிறது. ஆக 150 வோல்ட்டில் எலக்ட்ரான் 6¾ சுற்று நேரம் வெளியே இருந்துவிட்டு வருகிறது. 9.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சுற்று 106 பைக்கோ நொடி, அப்படியானால் மொத்தம் சுமார் 0.72 நானோ நொடி. 300 வோல்ட்டில் எலக்ட்ரானின் வேகம் நொடிக்குச் சுமார் 1 கோடி மீட்டர், ஒளியின் வேகத்தில் 3.4 சதவீதம். சீராகத் தடுக்கப்பட்டு நின்று திரும்பும் பொருள் கடக்கும் ஆழம், தொடக்க வேகத்தை மொத்த நேரத்தால் பெருக்கி நான்கால் வகுத்தது. 1.84 மில்லிமீட்டர் வருகிறது.

இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை! மூடிய உலோகக் குழாய்க்குள், யாரும் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில், எலக்ட்ரான் எவ்வளவு தூரம் போய்த் திரும்பியது என்பதை வெளியே இருக்கும் ஒரு வோல்ட்மீட்டரையும் ஒரு ஃப்ரீக்வென்சி மீட்டரையும் வைத்து இறுதியாண்டு மாணவர் கண்டுபிடித்துவிடுகிறார். அதே எண்களை வைத்து ரிப்பெல்லர் தகடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் போடலாம், 2.8 மில்லிமீட்டர் அளவில் வரும். தகட்டின் வளைவு, குழிவின் விளிம்பில் புலம் சீராக இல்லாதது என்று இந்தக் கணக்கில் விட்டுப்போனவை நிறைய உண்டு, அவற்றையும் மாணவரே சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பேன். வருத்தம் என்னவென்றால் பெஞ்சோடு வரும் மேனுவலில் இந்தக் கணக்கு கிடையாது. "ரிப்பெல்லர் மின்னழுத்தத்துக்கு எதிராக வெளியீட்டு சக்தியின் வரைபடம் வரைக, மோட் எண் காண்க" என்று நின்றுவிடுகிறது. ஐந்து மேடு வரைந்து ரெக்கார்டில் ஒட்டினால் ஆய்வு முடிந்தது. எலக்ட்ரான் என்ற சொல்லே முன்னுரைக்குப் பிறகு வராத மேனுவல்களைப் பார்த்திருக்கிறேன்.

சிஆர்ஓவை இணைத்துப் பார்ப்பது அடுத்த விருந்து. பவர் சப்ளையில் எஃப்எம் நிலையில் ரிப்பெல்லர் மீது ரம்பப் பல் அலை ஏறும், டிடெக்டர் வெளியீட்டை சிஆர்ஓவில் போட்டால் மோட் மேடு முழுதாகத் திரையில் நிற்கும். ஃப்ரீக்வென்சி மீட்டரைத் திருப்பினால் அந்த மேட்டின் மேல் ஒரு பள்ளம் நகர்ந்துகொண்டே போகும். மேட்டின் இடது சரிவில் பள்ளம் இருக்கும்போது ஒரு அதிர்வெண், வலது சரிவில் இருக்கும்போது வேறொன்று. ரிப்பெல்லர் மின்னழுத்தம் சக்தியை மட்டும் மாற்றவில்லை, அதிர்வெண்ணையும் சில பத்து மெகாஹெர்ட்ஸ் நகர்த்துகிறது என்பதை ஒரு பார்வையில் புரியவைக்க இதைவிட நல்ல காட்சி இல்லை. இன்னொன்றும் முயன்று பாருங்கள்: ரிப்பெல்லரை மெல்ல ஏற்றும்போது அலைவு தொடங்கும் இடமும் இறக்கும்போது அது நிற்கும் இடமும் சில குழாய்களில் ஒன்றாக இருக்காது. சில எலக்ட்ரான்கள் ஒரு முறைக்கு மேல் இடைவெளியைக் கடந்து போய்வருவது இதற்கு ஒரு காரணம். மேனுவலில் இல்லாத இந்த மாதிரி விஷயங்களை மாணவர் தானாகக் கவனித்து வந்து கேட்டால் அந்த செமஸ்டருக்கு அதுவே எனக்குப் போதும்.

இப்போது குறைகள். பெரிய குறை பவர் சப்ளை. ரிப்பெல்லர் ஒரு வோல்ட் மாறினாலே அதிர்வெண் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் நகரும் குழாய் இது, அப்படிப்பட்டதற்கு ரிப்பிள் (டிசி மின்னழுத்தத்தின் மேல் மிஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கம்) அதிகமுள்ள சப்ளையைக் கொடுத்தால் ஃப்ரீக்வென்சி மீட்டரில் பள்ளம் கூர்மையாக விழாது, அகலமாக மங்கித் தெரியும். நாங்கள் வாங்கிய ஒரு பெஞ்சில் இதுதான் நடந்தது. விற்ற நிறுவனம் ஃப்ரீக்வென்சி மீட்டர் பழுது என்று சொல்லி அதை மாற்றிக் கொடுத்தது, மாற்றியும் அதே மங்கல். கடைசியில் ரிப்பெல்லர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டரை எங்கள் ஆய்வக உதவியாளர் மாற்றியபிறகுதான் பள்ளம் ஊசி மாதிரி விழுந்தது. ஆகவே டெமோவுக்கு வரும்போதே ரிப்பெல்லர் வெளியீட்டில் எவ்வளவு ரிப்பிள் என்று சிஆர்ஓவில் காட்டச் சொல்லுங்கள். உயர் மின்னழுத்தத்துக்கு ஏற்ற புரோபை அவர்களே கொண்டுவரட்டும்.

அப்புறம் மீட்டர்கள். ரெசனேட்டர் மின்னழுத்தம், கற்றை மின்னோட்டம், ரிப்பெல்லர் மின்னழுத்தம் மூன்றுக்கும் ஒரே டிஸ்ப்ளேயை வைத்து சுவிட்ச் போட்டு மாற்றிப் பார்க்கும் மாடல்கள் வருகின்றன. விலை குறைவு, உண்மைதான். ஆனால் மாணவர் ரிப்பெல்லரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கற்றை மின்னோட்டம் எகிறினால் யாருக்கும் தெரியாது. தனித்தனி டிஜிட்டல் மீட்டர் உள்ளதையே கேளுங்கள், இதில் சமரசம் வேண்டாம்.

பாதுகாப்பு பற்றி மேனுவல் ஒரு வரியில் முடிக்கும் விஷயத்தை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வேவ்கைடும் குழாயின் உடலும் தரையோடு இணைந்தவை, அதனால் ரெசனேட்டருக்கு 300 வோல்ட் என்றால் உண்மையில் கேத்தோடுதான் தரைக்குக் கீழே 300 வோல்ட்டில் இருக்கிறது. ரிப்பெல்லர் அதற்கும் கீழே. ஆக தலையில் இருக்கும் அந்தத் தொப்பி முனைக்கும் மவுண்டுக்கும் இடையே 450 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அங்கே போகும் வயரின் இன்சுலேஷன் விரிசல் விட்டிருக்கிறதா, தொப்பியை முழுக்க மூடும் ரப்பர் உறை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சில பெஞ்சுகளில் வெறும் கிளிப்தான் வருகிறது, அதை நான் திருப்பி அனுப்பச் சொல்வேன்.

போடும் வரிசையும் முக்கியம். முதலில் விசிறி, பிறகு ஹீட்டர் சூடேற சில நிமிடம், ரிப்பெல்லர் அதிகபட்ச எதிர்மின்னழுத்தத்தில், அதற்குப் பிறகுதான் ரெசனேட்டர் மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றுவது. ரிப்பெல்லர் பூஜ்ஜியத்துக்கு அருகில் இருக்கும்போது கற்றையை விட்டால் எலக்ட்ரான்கள் திரும்பாமல் ரிப்பெல்லர் தகட்டிலேயே போய் விழும், அந்த மெல்லிய தகடு அதைத் தாங்காது. ரிப்பெல்லர் வராமல் ரெசனேட்டர் சப்ளை ஏறவே ஏறாதபடி இன்டர்லாக் வைத்த சப்ளைகள் இருக்கின்றன, கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அதை வாங்குங்கள். ஒரு பேட்ச்சுக்கு முப்பது பேர் வரும் ஆய்வகத்தில் ஒவ்வொருவர் பின்னாலும் நின்று வரிசையைச் சொல்லிக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

விசிறியை அலட்சியமாக நினைப்பவர்களுக்கு ஒரு எண் சொல்கிறேன். கற்றை மின்னோட்டம் 25 மில்லி ஆம்பியர், 300 வோல்ட், உள்ளே போகும் சக்தி 7.5 வாட். வெளியே வரும் மைக்ரோவேவ் 25 மில்லி வாட் என்று எடுத்துக்கொண்டால் பயனுறுதிறன் 0.33 சதவீதம். புத்தகத்தில் ரிஃப்ளெக்ஸ் கிளிஸ்ட்ரானுக்கு 22.7 சதவீதம் வரை தத்துவார்த்தமாகச் சொல்வார்கள், அது 1¾ மோடுக்கான உச்ச வரம்பு, நடைமுறைக் குழாய் அதன் பக்கத்திலேயே வராது. மீதி அத்தனையும் வெப்பம், ஹீட்டரின் வெப்பம் தனி. குழாய் சூடாகச் சூடாகக் குழிவு விரிந்து அதிர்வெண் நகர்ந்துகொண்டே இருக்கும். சென்னை மாதிரி ஊரில் மே மாதம் ஏசி இல்லாத ஆய்வகத்தில் காலையில் எடுத்த அளவும் மதியம் எடுத்த அளவும் ஒத்துப்போகாததற்கு மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விசிறி குழாயைப் பார்த்து நேராக நிற்கிறதா, ஸ்டாண்டோடு அதிர்கிறதா என்று பாருங்கள். அதிர்ந்தால் அந்த அதிர்வே குழாயின் குழிவை ஆட்டி சிக்னலில் இரைச்சலாக வரும். கடலோர ஊர்களில் வேவ்கைடு ஃப்ளாஞ்சுகள் கறுத்துப்போகும், விடுமுறைக்கு முன்னால் துடைத்து உறைபோட்டு மூடிவிட்டால் நெடுநாள் வரும்.

மற்ற பாகங்களில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஐசோலேட்டரில் அம்புக்குறி இருக்கும், அது குழாயிலிருந்து வெளிநோக்கி இருக்க வேண்டும். எங்களுக்கு நிறுவ வந்தவர் அதைத் திருப்பி மாட்டிவிட்டு வெளியீடே வரவில்லை, குழாய் போய்விட்டது என்று புதுக் குழாய்க்குக் கொட்டேஷன் கொடுக்கக் கிளம்பினார். நிறுவும்போது நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். ஸ்லாட்டட் லைனில் 9.4 கிகாஹெர்ட்ஸுக்கு அடுத்தடுத்த இரண்டு தாழ்வுகளுக்கு இடையே 22.3 மில்லிமீட்டர் அளவில் வர வேண்டும், வந்தால் வேவ்கைடும் ஃப்ரீக்வென்சி மீட்டரும் இரண்டும் சரி. டிடெக்டரில் 1என்23 வகை கிரிஸ்டல் டயோடு இருக்கும், கையிலுள்ள நிலைமின்னே அதைக் கொன்றுவிடும், அதனால்தான் அந்தக் காலத்தில் ஈயத் தகட்டில் சுற்றி விற்றார்கள். உதிரியாக இரண்டு கூடவே வாங்கி வையுங்கள்.

கன் டயோடு பெஞ்ச் பற்றி. அது நல்ல கருவி, 10 வோல்ட் அளவில் ஓடும், சூடேறக் காத்திருக்க வேண்டாம், வருடக்கணக்கில் கெடாது. ஆன்டெனா கதிர்வீச்சு வடிவம், டைரக்‌ஷனல் கப்ளர், மேஜிக் டீ போன்ற ஆய்வுகளுக்கு வெறும் சிக்னல் மூலம் போதும் என்றால் கன் தான் சரி, நாங்களும் அவற்றுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் அதைக் கிளிஸ்ட்ரானுக்கு மாற்றாகச் சொல்வது தவறு. கன் டயோடின் உள்ளே நடப்பதை வெளியிலிருந்து நாப் திருப்பி விசாரிக்க வழியில்லை. கிளிஸ்ட்ரானில் கற்றையின் வேகம் ஒரு நாபில், திரும்பும் நேரம் இன்னொரு நாபில், குழிவின் அளவு திருகில். மூன்றும் தனித்தனியாக நம் கையில். "பழைய தொழில்நுட்பம்" என்று சொல்லி ஒதுக்குபவர்களிடம் நான் கேட்பது, ஸ்டான்ஃபோர்டில் 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு எலக்ட்ரானை முடுக்கிய எந்திரம் எதனால் ஓடியது? வரிசையாக நின்ற கிளிஸ்ட்ரான்களால். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் லினாக் எந்திரங்கள் இன்றும் மேக்னட்ரானிலோ கிளிஸ்ட்ரானிலோதான் ஓடுகின்றன. பிலானியில் மத்திய அரசின் மின்னணுப் பொறியியல் ஆய்வு நிறுவனமான சீரி, பெங்களூரில் டிஆர்டிஓவின் மைக்ரோவேவ் குழாய் ஆய்வு மையம், பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று நம் நாட்டிலேயே இதற்கென்று ஆட்கள் தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன. எலக்ட்ரான் கொத்தாவதைக் கல்லூரியில் ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்தவர் அங்கே போனால் எவ்வளவு நல்லது!

சிமுலேஷனையும் நான் ஒதுக்கவில்லை. பெஞ்சில் அளந்தபிறகு அதே 300 வோல்ட், அதே இடைவெளியைத் திரையில் போட்டு எலக்ட்ரான்கள் கொத்தாவதைப் பார்த்தால் மனதில் நன்றாகப் பதிகிறது. அளக்காமல் முதலிலேயே திரையைக் காட்டினால் அது ஒரு அசைபடம், அவ்வளவுதான்.

பட்ஜெட்டில் இடமிருந்தால் இதோடு இன்னொரு கருவியையும் வாங்கச் சொல்வேன், அது பெரும்பாலும் இயற்பியல் துறைக்குப் போய்விடுகிறது, இசிஇ பக்கம் யாரும் கேட்பதில்லை. எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை அளக்கும் கற்றைக் குழாய். பெரிய கண்ணாடிக் கோளம், உள்ளே மிகக் குறைந்த அழுத்தத்தில் வாயு, இரண்டு பக்கமும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள்கள். விளக்கை அணைத்துவிட்டால் கற்றை போகும் பாதை மெல்லிய ஒளிக்கோடாகத் தெரியும், சுருளில் மின்னோட்டம் ஏற்றினால் அந்தக் கோடு வளைந்து வட்டமாகிவிடும். பெரும்பாலான மாடல்களில் ஒவ்வொரு சுருளும் 130 சுற்று, 15 சென்டிமீட்டர் ஆரம். 1.5 ஆம்பியர் விட்டால் 1.17 மில்லி டெஸ்லா கிடைக்கும், 300 வோல்ட்டில் வட்டத்தின் ஆரம் 5 சென்டிமீட்டர்.

அந்த 300 வோல்ட்டைக் கவனியுங்கள். கிளிஸ்ட்ரானுக்குள் ஓடுவதும் இதே வேகமுள்ள எலக்ட்ரான்தான். இரண்டு கருவிகளையும் ஒரே மேசையில் வைத்து, இங்கே கண்ணால் பார்க்கும் கற்றையின் வேகத்தை அளந்து, அந்த எண்ணை எடுத்துக்கொண்டுபோய் அங்கே கண்ணுக்குத் தெரியாத 1.84 மில்லிமீட்டரைக் கணக்கிடச் சொன்னேன். புத்தகச் சூத்திரத்திலிருந்து எடுத்த வேகத்தைவிடத் தாங்களே அளந்த வேகத்தை மாணவர்கள் எவ்வளவு நம்பிக்கையோடு பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பார்த்தபிறகு, இந்த இரண்டையும் பிரித்து வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

இந்தக் கண்ணாடிக் கற்றைக் குழாயில் கவனிக்க வேண்டிய ஒன்று, மேனுவலில் இருக்காது. நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக, வடக்கு நோக்கி, 40 மைக்ரோ டெஸ்லா அளவில் இருக்கிறது. காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்குப் பக்கத்தில்தான் போகிறது, திருநெல்வேலியில் அதற்காகவே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. சுருள்களின் அச்சு வடக்கு தெற்காக இருந்தால் இந்த 40 மைக்ரோ டெஸ்லா நேராகக் கூடும் அல்லது கழியும், 1.17 மில்லி டெஸ்லாவில் அது 3.4 சதவீதம், விகிதத்தைக் கணக்கிடும்போது புலம் இருமடியாக வருவதால் பிழை 7 சதவீதம் வரை போகும். அச்சைக் கிழக்கு மேற்காகத் திருப்பி வைத்துவிட்டால் இந்தப் பிழை பெரும்பாலும் போய்விடும். வெளிநாட்டு மேனுவலை அப்படியே அச்சடித்துக் கொடுப்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். வாங்கும்போது கோளத்தை இருட்டில் எரியவிட்டுக் கோடு மெல்லியதாக இருக்கிறதா, விசிறி மாதிரி விரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். விரிந்தால் ஆரம் அளக்கவே முடியாது.

செலவைக் குறைக்கிறேன் என்று யாராவது பழைய மைக்ரோவேவ் அவனைப் பிரித்து அதன் மேக்னட்ரானை ஆய்வுக்கு எடுக்கச் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். 4000 வோல்ட் அளவில் ஓடுவது அது, பிளக்கைப் பிடுங்கியபிறகும் கெப்பாசிட்டரில் உயிரைக் குடிக்கும் அளவுக்கு மின்னூட்டம் நிற்கலாம், வெளியே கசியும் 2.45 கிகாஹெர்ட்ஸ் நூற்றுக்கணக்கான வாட், கண்ணுக்கு மிகவும் ஆபத்து. 25 மில்லி வாட் கிளிஸ்ட்ரானிலேயே திறந்த வேவ்கைடு வாயைக் கண்ணால் எட்டிப் பார்க்கக்கூடாது என்றுதான் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

கடைசியாகக் குழாய் கிடைப்பது பற்றி, ஏனென்றால் கொள்முதல் குழுவில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். 2கே25 கிடைக்கிறது, ஆனால் பல இடங்களில் விற்கப்படுவது எப்போதோ தயாராகிக் கிடங்கில் கிடந்த சரக்கு, நெடுநாள் சும்மா கிடந்த குழாயில் வெற்றிடம் கொஞ்சம் கெட்டிருக்க வாய்ப்புண்டு. ஆர்டரிலேயே மூன்று விஷயத்தை எழுதிவிடுங்கள்: பெஞ்சோடு ஒரு உதிரிக் குழாய், இரண்டு குழாய்களுக்கும் அவர்கள் அளந்த மோட் வரைபடம் கையெழுத்தோடு, கற்றை மின்னோட்டம் எவ்வளவு என்ற குறிப்பு. வரைபடம் இல்லாமல் வந்த குழாயை ஏற்றுக்கொள்ள வேண்டாம். வந்த அன்றே இரண்டையும் மாற்றி மாற்றி மவுண்டில் போட்டு ஓட்டிப் பாருங்கள், உதிரிதானே என்று அலமாரியில் வைத்துவிட்டு வாரன்ட்டி முடிந்தபிறகு எடுத்தால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். உதிரிக் குழாயையும் செமஸ்டருக்கு ஒரு முறையாவது போட்டு ஓட்டி, கற்றை மின்னோட்டத்தைக் குறித்து வையுங்கள். அது இறங்க ஆரம்பித்தால் அடுத்த குழாய்க்குக் கொட்டேஷன் கேட்கும் நேரம் வந்துவிட்டது.